அமாவாசைக்கு ஒரு டம்ளர்

செடி விற்கிற தொழிலில் பூச்சிக்கு மருந்து உண்டு. வாங்கிப் போகிறவர்களின் பாசத்துக்கு மருந்து கிடையாது. ஆசையாய் வளர்த்த செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டுக் கடலூரில் சக்குலென்ட் கடை போட்டேன். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குண்டுச் செடிகள். பதினைந்து நாளைக்கு ஒரு டம்ளர் போதும். அந்தத் திமிரில், ‘பராமரிப்பே வேண்டாம்! செத்தால் வேறு செடி இலவசம்!’ என்று போர்டு எழுதி மாட்டினேன். என் மேனேஜர் நல்ல மனுஷர். “ஆறு மாசம் உன் இடத்த அப்படியே வெச்சிருக்கேன்மா” என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த இடத்தில் திரும்பிப் போய் உட்காரக் கூடாது என்பதுதான் என் ஒரே வைராக்கியம்.

ஒரே ஒரு தடவை

முதலில் திரும்பி வந்தது ஒரு ஜேட் செடி. கொண்டுவந்தவர் திருப்பாதிரிப்புலியூர் அக்கா ஒருவர். தண்டு அழுகிக் கூழாகியிருந்தது. எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்றார். “தினமுமா?” என்று நான் அலறியது அவரை ரொம்பவும் புண்படுத்திவிட்டது.

“ஆளுக்கு ஒரு தடவதாம்மா ஊத்தறோம். வீட்ல அஞ்சு பேரு இருக்கோம், அதுக்கு நாங்க என்னா பண்ண முடியும்?”

வெறும் கல்லு

கீரப்பாளையத்துக்காரர் ஒருவர் கற்றாழை வகையில் ஒன்று வாங்கிப் போனார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஆனாலும் நெல் விளைவித்த குடும்பம். தண்ணீர் தேங்காமல் இருக்க நான் பொடிக்கல்லாய் இருக்கும் கொரமணலும் செங்கல் தூளும் கலந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணு மண்ணே போடாமல் ஏமாற்றிவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் அதையெல்லாம் கொட்டிவிட்டு, வயலிலிருந்து களிமண் எடுத்துவந்து, தொட்டியின் ஓட்டையை அடைத்து, ஒரு பிடி யூரியாவும் போட்டாராம். செடி ஒரு வாரம் தாங்கியதே பெரிய விஷயம். தண்ணீர் நிற்கக் கூடாது என்று நான் விளக்கிய விளக்கத்தையெல்லாம் பொறுமையாய்க் கேட்டார்.

“தண்ணி நிக்காத மண்ணுல பயிர் வெக்கச் சொல்ற மொத ஆளு நீதாம்மா.”

வளர்த்தி

சிதம்பரத்தில் ஒருவர் ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய செடியை வாங்கி, ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்து போட்டோ அனுப்பினார். வெளிச்சம் இல்லாமல் வெளுத்து, கழுத்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு நின்றது. பதறிப்போய் போன் செய்து ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னேன்.

“எதுக்குங்க? எம் பையன்கூட இவ்ளோ சீக்கிரம் வளரல!”

தொடக் கூடாத செடி

ஐந்தாவது மாதம், விற்றுப் போன செடியைவிடத் திரும்பி வந்த செடி ஜாஸ்தி. என் பழைய லேப் கோட்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். போடும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜேட் அக்கா மூன்றாவது பிணத்தோடு வந்தார். வீட்டில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டு, மாற்றுச் செடியை நானே தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

வாசல் நிலையில் ஒரு கற்றாழை வேரோடு தலைகீழாய்த் தொங்கியது. மண் இல்லை, தொட்டி இல்லை. கொழுகொழுவென்று புதுக் குருத்து வேறு. “இதுக்கு யாருக்கா தண்ணி ஊத்தறது?” என்றேன். “ஐயோ, அது திருஷ்டிக்குக் கட்டினதும்மா, தொடக் கூடாது” என்றார். ஐந்து பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருத்தர் கை அதன்மேல் படவில்லை.

கையிலிருந்த தொட்டியைக் கொடுத்து, “அமாவாசைக்கு ஒரு டம்ளர், பௌர்ணமிக்கு ஒரு டம்ளர். நடுவுல தொடக் கூடாதுக்கா” என்றேன். பதினைந்து நாள் கணக்கு சுலபமாய் நினைவிருக்கட்டும் என்றுதான் சொன்னேன், சத்தியமாக. ஏன் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா மூணு உசுரு போயிருக்காதேம்மா!”

மேனேஜர் சந்தேகம்

அன்றே போர்டை ‘அமாவாசைக்கு ஒரு டம்ளர், பௌர்ணமிக்கு ஒரு டம்ளர், நடுவில் தொடக் கூடாது!’ என்று மாற்றி எழுதினேன். அதன் பிறகு விற்ற செடிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆறாவது மாதக் கடைசியில், குடும்பத்தோடு திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் மேனேஜர் கடைக்கு வந்தார். உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடலாமா என்று கேட்டார். “போட்டுடுங்க சார்” என்றபோது என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு நல்ல செடியாய் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்து, முறையையும் சொன்னேன். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். செல்போனில் காலண்டரைத் திறந்து பார்த்தார்.

“பௌர்ணமி நாளைக்கு சாயங்காலம்தாம்மா ஆரம்பிக்குது. ஊத்தறது காலையிலயா, திதி வந்தப்புறமா?”

ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்றால் நம்மவர்களால் ஒரு நாள்கூட முடியாது. அதையே விரதம் என்று நினைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருப்பார்கள்.