ஐஸ் வைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு காரியம் செய்தேன். மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "படிப்புக்கா மேடம்? என்ன மாதிரி பாக்கீங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் "டெஸ்க்டாப்" என்று சொல்லிவிட்டேன்.

காரணங்களும் கைவசம் இருந்தன. திரை பெரிது, கண்ணுக்கு நல்லது. நிமிர்ந்து உட்காரலாம், கழுத்துக்கு நல்லது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் நான்; நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவதுதான் என் பிழைப்பு. மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத ஹாஸ்டல்ல எங்கம்மா வைக்க? கட்டிலுக்கு அடியிலயா?" என்றாள். கடைக்காரப் பெண், "எங்க மொதலாளி மேசையில ஒண்ணு இருக்கு, வேணும்னா கேட்டுப் பாக்கேன்" என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

பேசிக்கொண்டே அவள் ஒரு புது லேப்டாப்பை அட்டைப்பெட்டியிலிருந்து உருவினாள். இரண்டு பக்கமும் வெள்ளை தெர்மாகோல். கிறீச்சென்ற அந்தச் சத்தம் மற்றவர்களுக்குப் புதுச்சாமானை நினைவுபடுத்துமாக இருக்கும். எனக்கு மீன் நினைவுதான் வரும். மீனும், மீன்பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டரும்.

எங்கள் ஊர் தருவைகுளம். அப்பாவுக்கு ஒரு வள்ளம், சின்ன நாட்டுப்படகு, இருந்தது. எங்கள் கடற்கரையில் மடி என்றால் அம்மாவின் மடி மட்டுமல்ல. லாஞ்சு என்கிற விசைப்படகுகள் கடலடியைத் துடைத்து இழுத்துப்போகும் பை வலைக்கும் மடி என்றுதான் பெயர். இரண்டு லாஞ்சு சேர்ந்து இழுத்தால் இரட்டைமடி. குஞ்சு குளுவானைக்கூட விட்டுவைக்காத அந்த மடிக்கு எதிராகப் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்த வள்ளத்துக்காரர்களில் அப்பாவும் ஒருவர். நடுவில் அம்மா கொண்டுபோன டீயை அவர் குடித்தாரா இல்லையா என்பது எங்கள் வீட்டில் கடைசிவரை தீராத வழக்கு.

அப்படிப்பட்டவர் காதுபட ஒருநாள் செய்தித்தாள் விளம்பரத்தைச் சத்தமாக வாசித்துவிட்டேன். வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏளா, என்னது அது?"

"மடிக்கணினிப்பா. லேப்டாப்பு."

"எந்த மடி?"

"நம்ம மடிதான்ப்பா. மடியில வச்சு எழுதுறது."

"மடின்னு பேரு வச்சது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வராது."

அன்று சாயங்காலமே கடற்கரையிலும் போய் அதைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கடற்கரையில் வைத்துச் சொன்னதைத் திரும்ப வாங்குவது லேசில்லை.

நான் அப்போது எம்.ஏ. முடித்து, திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருந்தேன். கடற்கரை ஊர்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் ஆய்வுப் பொருள். யாருக்கு யார் ஞானப்பெற்றோராக நின்றார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு உறவு போனது என்பதையெல்லாம் அதில் தோண்டலாம். என் நெறியாளர் மேடம் கண்டிப்பானவர். "கல்வியாண்டு முடியுறதுக்குள்ள ஹாஸ்டல்ல வந்து தங்கி முழுநேரமா செய்யணும். இல்லன்னா இந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். ரூம்ல சின்ன மேசைதான், லேப்டாப் வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கு அதில் விஷயம் பிடிபட்டுவிட்டது. மேசையில் இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் பிள்ளை வீட்டில் இருப்பாள். மடியில் இருக்கிறது என்றால் பிள்ளை எங்கே இருப்பாள் என்று யாருக்குத் தெரியும். ஒரே பிள்ளை நான். அவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வலையையும் லாஞ்சையும் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்தது லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்ற விவாதம் அல்ல, நான் போகலாமா கூடாதா என்ற விவாதம். மூன்று பேருக்கும் அது தெரியும், மூன்று பேரும் தெரியாததுபோலக் கம்ப்யூட்டரைப் பற்றியே பேசினோம்.

டெஸ்க்டாப் வந்து இறங்கியது. பானை வயிற்று மானிட்டர், ஆளை அசத்தும் ஒரு கேபினெட். எங்கள் பக்கம் புதுச்சாமான் எது வந்தாலும் சாமியாரை, அதாவது பாதிரியாரை, அழைத்து மந்திரிக்காமல் தொடமாட்டார்கள். சாமியார் வந்தார், புத்தகத்தைப் புரட்டினார், "கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஜெபம் இல்லியே" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. "வள்ளத்துக்கு உள்ளத வாசிங்க சாமி. அது போதும்."

ஆக, உலகத்திலேயே வள்ளமாக மந்திரிக்கப்பட்ட ஒரே கம்ப்யூட்டரில்தான் நான் ஆய்வு செய்தேன். புயலிலிருந்தும் பாறையிலிருந்தும் அதைக் காக்கும்படியும், நிறைந்த வலையோடு கரைசேர்க்கும்படியும் மன்றாடினோம். அம்மா, "கீபோடுலயும் நல்லா தெளிங்க சாமி" என்று கேட்டு வாங்கிய தீர்த்தத்தில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டு கடைசிவரை எழும்பவில்லை.

மந்திரித்தபிறகு அப்பாவுக்கு அது வள்ளமேதான். உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்று கேபினெட்டின் முதுகில் மீனெண்ணெய் தடவினார். உள்ளே விசிறி சுற்றிச் சூடேறினால் வீடு முழுக்கச் சுறா வறுத்த வாடை அடிக்கும். மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று புலம்பிய காலத்தில் எங்களுக்குப் பூனைத் தொல்லை.

இதில் இன்னொரு சிக்கல். பதிவேடுகளை அந்தந்த ஊர்ப் பங்குக் கோயிலை விட்டு வெளியே தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் பார்த்து எழுத வேண்டும். "இதுக்குத்தான்ப்பா லேப்டாப்பு வேணுங்கேன்" என்றேன். அப்பா சளைக்கவில்லை. "பதிவேடு வராதுன்னா பெட்டி போகும்" என்றார்.

உண்மையிலேயே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்ததும் அப்பா கேபினெட்டை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, மீன் போடும் பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்குவார். மானிட்டருக்குப் போர்வை. ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர்ப் பங்குக் கோயிலுக்குக் கிளம்புவோம். முன்னால் டிரைவர் பக்கத்தில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு நான் (அந்த மடிக்கு அப்பா ஆட்சேபம் சொல்லவில்லை), பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர். முதல் நாள் அந்த ஊர்க் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பெட்டியைப் பார்த்ததும், "என்ன மீன் அண்ணாச்சி? வாவலா?" என்று கேட்டார். அதற்குப்பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டார்.

நான் பங்கு ஆபீஸில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க, அப்பா எதிரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். மத்தியானம் மின்சாரம் போய்விடும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மேடத்தின் கடிதம் வந்தது, இந்த மாதக் கடைசிதான் கெடு என்று. அதை வாசித்துவிட்டு நான் குசினியில், அடுப்புக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வழக்கமில்லாமல் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏளா, இதுல தண்ணி கிண்ணி பட்டுட்டுன்னா நீ எழுதுனதெல்லாம் போயிருமோ?"

"போவாதுப்பா. எல்லாம் பென்டிரைவ்ல இருக்கு." என் சுண்டுவிரல் நீளத்துக் குச்சியைக் காட்டினேன்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"சரி, அதப் பத்திரமா உன் பைக்குள்ள வச்சுக்க" என்றார்.

மறுநாள் ஞாயிறு. கிளம்பி எங்கள் கடற்கரையைத் தாண்டும்போது டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோவை நிறுத்தினார். நானும் டிரைவரும் கடைக்குள் போய்க் குடித்தோம். அப்பா கொஞ்சம் கழித்து வந்து, "எனக்கு வேண்டாம், போவோம்" என்றார். போய்ச் சேர்ந்து பெட்டியை இறக்கினால் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உபதேசியார், "என்ன மீன் அண்ணாச்சி?" என்று தொடங்கினார். அப்பா மூடியைத் திறந்தார். உள்ளே விளிம்புவரை நொறுக்கிய ஐஸ். அதற்கு நடுவே, ஏலத்துக்குப் போகிற நெய்மீன் மாதிரி, என் கம்ப்யூட்டர்.

அப்பா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"கைப்பழக்கம்" என்றார். "பெட்டி வெயில்ல நின்னுச்சா, கை தானா ஐஸ அள்ளிப் போட்டுட்டு."

உபதேசியார் வாங்கில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிரைவர் ஆட்டோவின் மேல் சாய்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்காப்பா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, சரி என்றா, தெரியவில்லை.

கம்ப்யூட்டரை மூன்று நாள் கருவாடு போல வெயிலில் காயவைத்தோம். அது எழவில்லை. நாலாம் நாள் கடற்கரையில் எல்லோரும் கேட்க, "இந்தப் பெட்டிக்கு நேரம் சரியில்லப்பா. கெடு வேற நெருங்குது, வேற வழியில்ல, அந்த மடியவே வாங்கிருவோம்" என்றாராம். யாரும் அவர் பேச்சு மாறியதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதைவிட ருசியான சங்கதி கையில் இருந்ததே. கம்ப்யூட்டருக்கே ஐஸ் வைத்த ஆள் என்று ஆரம்பித்து, சீக்கிரமே வெறும் 'ஐஸ்' ஆக்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் பட்டப்பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான்.

நான் மாதக் கடைசிக்குள் ஹாஸ்டலில் இருந்தேன், மடியில் லேப்டாப்போடு. அங்கே முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லித்தான் சிநேகிதிகளைச் சம்பாதித்தேன். அப்பாவைப் போலவே குரலை மாற்றி, "கைப்பழக்கம்" என்று சொல்லிக்காட்டுவேன். பிறகு வேலைக்கான நேர்காணலில் சொன்னேன், கல்யாணத்துக்குப்பின் மாமியார் வீட்டில் சொன்னேன். பதினைந்து வருஷம் நன்றாக ஓடிய கதை.

அப்பா இறந்தபோது ஒட்டிய சுவரொட்டியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஐஸ்' என்று போட்டிருந்தது. இல்லாவிட்டால் யார் என்று ஊருக்குத் தெரியாதாம். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வந்திருந்த உறவுக்காரர்களைச் சிரிக்கவைக்கலாம் என்று நான் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எல்லோரும் போனபின் மெதுவாகக் கேட்டாள்.

"ஏளா, நீ டாக்டர் பட்டம் வாங்குனவதான? ஞாயித்துக்கெழம நம்ம கடக்கரையில ஏதுளா ஐஸு?"

அவளே தொடர்ந்தாள்.

"யாரும் கடலுக்குப் போவாத நாளு. ஐஸ் கம்பெனி பூட்டிக் கெடக்கும். மொத நாளே கம்பெனிக்காரன்ட்ட சொல்லிவச்சு, தொறந்து வேங்கிட்டு வந்திருக்காரு ஒங்கப்பா. கைப்பழக்கமாம்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. நீ அன்னைக்குக் குசினியில அழுதல்லா."

நூறு வருஷத்துப் பதிவேட்டில் ஒரு தேதி பிசகினால் கண்டுபிடிப்பவள் நான். எந்தக் கிழமை என்று பார்க்கத் தோன்றவில்லை. கடற்கரையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாத மனிதர், அதற்குப் பதிலாகத் தன்னை முட்டாளாக்கிக்கொண்டார். அந்த முட்டாளை ஊரைவிட அதிகம் விற்றவள் நான்தான். யாரையாவது முகஸ்துதி செய்தால் ஐஸ் வைக்கிறான் என்கிறோம். எனக்கு அப்படி வைத்தவர் யாருமில்லை, எனக்காக உண்மையிலேயே ஐஸ் வைத்தவரையோ அறிவிருக்கா என்று கேட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இதையெல்லாம் கடையில் நின்று மகளிடம் சொல்ல முடியுமா? அவள் லேப்டாப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றாள். என்னைக் கேட்காமல் என் விரல் அதைக் காட்டியது. "இதையே கட்டிக் குடுத்துரும்மா" என்றேன்.

இப்போது அந்த வள்ளம் இல்லை. வள்ளத்து ஜெபத்தைக் கம்ப்யூட்டருக்கு வாசித்த சாமியார் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். மடி என்று சொன்னால் என் மகளுக்கு மடி மட்டும்தான் தெரியும். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது மகள் கேட்டாள். "டெஸ்க்டாப்புதான்னு அவ்வளவு பிடிவாதம் பிடிச்சீங்க. எப்படிம்மா திடீர்னு மாறுனீங்க?"

"கைப்பழக்கம்" என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன்.