வண்டியில்லாத சவாரி: ஆவடியிலிருந்து சேக்காடு வரை

ஞாயிற்றுக்கிழமை காலை 6.50க்கு ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கினேன். அம்பத்தூரிலிருந்து கட்டணம் ஐந்து ரூபாய். நிலையத்தை ஒட்டிய நெடுஞ்சாலையை நடைவீதியாக்கி, ரயிலும் பேருந்தும் கூடும் முனையம் ஒன்றையும் அங்கே அமைக்கும் திட்டத்துக்கு அன்று ஒத்திகை. சேக்காடு வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குப் பத்து மணி வரையில் எந்த வண்டியும் ஓடக்கூடாது. சாலையின் நட்டநடுவில் நின்று பார்த்தேன். அவ்விடத்தில் அத்தனை நிதானமாக நிற்கும் உரிமை அதுவரை மாடுகளுக்கே இருந்தது.

நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ நிறுத்தம். ஆட்டோ ஒன்றும் இல்லை. காக்கிச் சட்டையுடன் ஓட்டுநர் ஜோசப் மட்டும் நின்றிருந்தார். மக்கள் சேக்காட்டுக்குத் தாமாகவே நடந்துவிட்டால், நிறுத்தத்தை முனையத்தின் பின்புறத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே ஆள் வராது. எனவே இடத்தைக் காக்க வந்திருந்தார். ஆனால் அடுத்த ரயிலின் கூட்டம் வெளியே வந்ததும், பதினெட்டு ஆண்டுப் பழக்கம் அவர் வாயைத் திறந்துவிட்டது.

"சேக்காடு, சேக்காடு! வா சார், வா!"

ஐவர் வந்து நின்றனர், ஆறாவதாக நானும். வண்டி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு பேரு வந்தா கெளம்பிடலாம்" என்றார் ஜோசப்.

நடப்பதற்கு ஆள் நிரம்ப வேண்டுமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. ஆயினும் காத்திருந்தேன்.

எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த மற்றோர் ஓட்டுநர் கூவினார்: "இன்னா மாமே, வண்டி எங்க?"

"ஊட்ல தூங்கிகினு கீது. உனுக்கு இன்னா?"

7.20க்கு எண்மர் சேர்ந்தோம், புறப்பட்டோம். பெண்கள் மூவர் பின்னால் நெருக்கமாக வந்தனர். புதியவனாகிய எனக்கு ஓட்டுநரின் பக்கத்து இடம்; ஒரு தோளைச் சாய்த்தபடியே நடந்தேன். சாலை முழுவதும் வெறுமையாய்க் கிடக்க, நாங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சென்றோம். வழியில் ஒரு முதியவர், "தோ, இங்க ஓரமா நிறுத்துப்பா" என்றார். எண்மரும் ஓரமாக ஒதுங்கினோம். அவர் மட்டும் விலகிப் பத்து ரூபாயை நீட்டினார்.

"வாணாம் பெருசு. நடந்ததுக்கு இன்னா காசு?"

7.40 இருக்கும். சேக்காட்டு முனையில் நடந்து வருவோரை எண்ணுவதற்கென ஒருவர் அமர்ந்திருப்பார் என்று நாளேட்டில் படித்ததை ஜோசப்பிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம்.

"அப்போ ஆளுங்கள இட்டுகினு போயி, என் ஸ்டாண்டுக்கு நானே ஆப்பு வெக்கிறனா?"

"அத அப்பால யோசிண்ணே. எட்டு மணிக்கு மாதா கோயில்ல எனுக்குப் பூச" என்றார் பின்னால் வந்த மூவரில் ஒருவரான ஸ்டெல்லா. "பாதியில எறக்கி உட்டுடாத."

சவாரியைப் பாதியில் விட்டவர் என்ற பெயர் ஜோசப்புக்கு அதுவரை இல்லை. பெருமூச்சு விட்டு நடந்தார்.

7.52. சேக்காட்டில் குடையின்கீழ் அமர்ந்திருந்த இளம் பெண் பொறியாளரின் தாளில் அதுவரை நான்கு கோடுகளே விழுந்திருந்தன. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, காக்கிச் சட்டைக்காரரை விட்டுவிட்டு, "நடந்து வந்தவங்க ஏழு பேர்" என்று எழுதப் போனார்.

"நடந்துலாம் வர்ல மேடம்" என்று ஸ்டெல்லா இடைமறித்தார். "ஜோசப் அண்ணன் வண்டியில வந்தோம்."

"வண்டி எங்கே?"

எழுவரும் ஜோசப்பைப் பார்த்தோம்.

"அவுரு கூப்ட்டாரு, வந்தோம். இல்லாங்காட்டி எவ நடப்பா? அடுத்த ரயிலப் புடிச்சி ஊட்டுக்குப் போயிருப்பேன்" என்றார் ஸ்டெல்லா.

பொறியாளர் பேனாவைத் தாளின் அடிப்பக்கத்துக்கு நகர்த்தினார். பிறகு குறிப்புப் பகுதியில் எழுதி, உரக்கப் படித்தார்: "நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ நிறுத்தம் தொடர வேண்டும். மக்கள் நடப்பதற்கு அது இன்றியமையாதது."

ஜோசப் அதனை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்டியே கையெழுத்தும் போட்டுடுங்க மேடம்" என்றார். ஸ்டெல்லா அதற்குள் கோயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அம்பத்தூரில் எங்கள் தெருவுக்குக் கல் பாவிய நடைபாதை உண்டு. நிழலும் இருக்கைகளும் உண்டு. அதில் ஒருவரும் நடப்பதில்லையே என்று வருந்தி, நாளேட்டுக்கு இருமுறை கடிதம் எழுதியிருக்கிறேன். அவ்விரண்டையும் அஞ்சலில் சேர்க்க ஆட்டோவில்தான் சென்றேன்.