சேர்த்துச் சொல்லும் ஏற்பாடு

மத்திகிரியில் நான் தனியாகக் குடியிருந்த நாட்களில் எனக்கு ஓயாமல் சேதி அனுப்பியவை கம்ப்யூட்டர்கள்தான். மனிதர்கள் யாரும் அவ்வளவு அக்கறையாக என்னைத் தேடியதில்லை.

வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பிரிவு என்றால் நானும் மேனேஜரும், அவ்வளவுதான். ஓசூரில் பெரிய ஷெட், பாகலூர் ரோட்டில் சின்ன ஷெட், குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு குடோன். மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களும் நாள் முழுக்க ஒன்றோடொன்று கணக்குப் பேசிக்கொண்டிருக்கும். இங்கே என்ன செய்தார்கள், அங்கே எந்த லாரியில் ஏற்றினார்கள், யாருக்கு பில் போட வேண்டும் என்று. இதில் எந்த வேலை பாதியில் நின்றாலும் என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும்படி நானே எழுதி வைத்திருந்தேன்.

வினை அங்கேதான் இருந்தது. ஹைவேயை அகலப்படுத்தத் தோண்டுகிறவர்கள் அடிக்கடி கேபிளை அறுத்துவிடுவார்கள். உடனே குடோனின் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக நின்று, தனித்தனியாக என்னிடம் முறையிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்று, மறுபடி முறையிடும். மெஸ்ஸில் சோற்றில் கை வைத்தால் போதும், சட்டைப்பையில் போன் துடிக்கும். ஆள் ரொம்பத்தான் தேடுகிறாள் போலிருக்கிறது என்று எதிரே சாப்பிடுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

ஒரு கட்டத்தில் பொறுக்காமல் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். ஒரு வேலை நின்றால் உடனே சேதி வராது. கொஞ்ச நேரம் காத்திருந்து, அதற்குள் வேறு என்னென்ன நின்றதோ அத்தனையையும் இடவாரியாகச் சேர்த்து, ஒரே சேதியாக வரும். குந்தாரப்பள்ளியில் லைன் போனால் அதற்கு ஒரு சேதி, அவ்வளவுதான். மேனேஜர் முதுகில் தட்டினார். போன் அடங்கிப்போனது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மெஸ்ஸில் என்ன சண்டையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அம்மா விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊரில் தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு அவளுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆடு குட்டி போட்டாலும் கூப்பிடுவாள், கரண்டு போனாலும் கூப்பிடுவாள். என் சாதனையை வேறு யாரிடம் பீற்றிக்கொள்வது? அவளிடம்தான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப சேந்தாப்புல வந்தா ஒனக்குத் தொந்தரவு இல்ல, அப்படித்தான?” என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கூப்பிட்டாள். வாரத்துச் சேதி அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லுவாள். நான் ம் கொட்டுவேன். ஒரு ஞாயிறு அப்படித்தான், மழை பெய்தது, மீட்டர் மாற்றினார்கள், செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டேன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லி முடித்தாள். எல்லாவற்றுக்கும் ம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சட்டையை அலசிக்கொண்டிருந்தபோதுதான் நடுவில் அவள் சொன்னது உறைத்தது. சோப்புக் கையோடு ஓடிவந்து கூப்பிட்டு, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“நீதானப்பா, சேத்துச் சொன்னா நிம்மதின்னே.”

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எடுக்காமல் நான் கட் செய்ய வேண்டும். மணி அடித்தால் அவள் நன்றாக இருக்கிறாள், கட் ஆனால் நான் நன்றாக இருக்கிறேன். இருவருக்கும் செலவில்லை.

அதே புத்தியில், எதுவும் நிற்காத நாளிலும் எல்லாம் ஓடுகிறது என்று ஒரு சேதி வரட்டுமே என்று மேனேஜரிடம் கேட்டேன். “ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு ஒரு மெசேஜா? எதுவும் வரலைன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம்?” என்றார். விட்டுவிட்டேன்.

மூட்டுகளையெல்லாம் முறுக்கிப்போடும் காய்ச்சல் ஊரெங்கும் பரவிய வருஷம் அது. எனக்கும் வந்தது. எழுந்து தண்ணீர் மொள்ளக்கூட முடியவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, சார்ஜரோ ஆபீஸில் கிடந்தது. பகல் முழுக்கத் தெருவில் டவுன் பஸ் போகிற சத்தம், மாடி வீட்டில் தெலுங்கில் டிவி. யாரும் கதவைத் தட்டவில்லை. பில் போடுகிற புரோகிராம் நின்றால் எனக்குத் தெரியும்; நான் நின்றால் சேதி யாருக்குப் போகும் என்று படுத்தபடியே யோசித்தேன். ஒருவர் பெயரும் வரவில்லை. அழுதேன். காய்ச்சலில் அழுதால் கண்ணீர் சுடுகிறது.

மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். கையில் ஒயர் கூடையோடு அம்மா நின்றாள். நான் குடிவந்தபோது பால் காய்ச்ச ஒரே ஒரு முறை வந்தவள், ராத்திரி பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

“ரெண்டு நாளா நீ கட் பண்ணலப்பா.”

பின்னால் வந்த மாடி வீட்டம்மா, “சத்தமே இல்லீங்களா, ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சேங்க” என்று சங்கடப்பட்டு, தன் வீட்டுச் சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தார். போனுக்கு உயிர் வந்ததும் சேதிகள் வந்து விழுந்தன. குந்தாரப்பள்ளி, பாகலூர், மறுபடி குந்தாரப்பள்ளி. மேனேஜரிடமிருந்து ஒன்றுகூட இல்லை. நான் குடோன் பக்கம் போயிருப்பேன், என்னிடமிருந்து எதுவும் வராததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தாராம். இவர்களெல்லாம் உன்னை விசாரிக்கிறார்களா என்று அம்மா கேட்டாள். இல்லையம்மா, தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்கின்றன என்றேன்.

அன்று கஞ்சி, மாத்திரை, தூக்கம். விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அம்மா ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் போனில் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். பாயில் கிடந்த என் போன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் கட் செய்தேன்.