முந்திப் போட்ட ஸ்தோத்திர காணிக்கை

தம்பி எபிசனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஜெஸ்பினுக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் அவனுக்கு. மூன்று மாதமாகத் தனி அறை, தனித் தட்டு. தட்டால் நோய் தொற்றாது என்று சொன்னால் அம்மா நேசம்மாள் கேட்க வேண்டுமே.

ஜெஸ்பின் குழித்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. லைசின் என்ற அமினோ அமிலம் நமக்குப் பருப்பிலும் மீனிலும் கிடைத்துவிடுகிறது. காசநோய்க் கிருமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு உதவும் நொதி ஒன்றை முடக்கினால் கிருமி செத்துப்போகும். நம் உடம்பில் அந்த நொதியே கிடையாது, அதனால் நமக்குச் சேதம் குறைவு. அதை முடக்கும் பொருளைத்தான் நாலு வருடமாகத் தேடுகிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் விட்ட ஒரு பொருளுக்கு நொதி அடங்கியது. பொறுக்குமா இவளுக்கு? ஞாயிறு ஆராதனையில், காரணத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, நன்றிக்கான ஸ்தோத்திர காணிக்கை போட்டுவிட்டாள். "மருந்து கண்டுபிடிக்கக் கிடைத்த கிருபைக்காக ஜெஸ்பின்" என்று போதகர் வாசித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. சோதனைக் குழாயில் அடங்கியது மாத்திரையாக வரப் பத்து வருடமாவது ஆகும் என்று அந்தத் துண்டுச் சீட்டில் யார் எழுதுவார்கள்? நேசம்மாள் வீட்டுக்கு ஓடிவந்து மகனிடம் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தப்பு தெரிந்தது. பொருளைக் கரைத்த திரவத்தை மட்டும் தனியாக விட்டுப் பார்க்க மறந்திருந்தாள். இப்போது விட்டாள். அந்தத் திரவமே நொதியை அடக்கியது. அவள் கண்டுபிடித்த பொருள் சும்மா பேருக்குத்தான்.

வீட்டுக்கு வந்து முகக்கவசத்தோடு அறைக்குள் போனாள். எபிசனின் தலையணைக்கடியில் இரண்டு நாள் மாத்திரைகள் கிடந்தன.

"இதத் தின்னா குடலே வெளிய வருதுக்கா. உன் மருந்து வாறது வரை எனக்கு இது வேண்டாம்."

அவள் அந்த மாத்திரைகளைப் பொறுக்கிக் கையில் எடுத்தாள்.

"மருந்து இல்ல மக்கா. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"அப்பம் சர்ச்சில வாசிச்சது?"

"அது நான் அவசரப்பட்டு எழுதிக் குடுத்தது மக்கா."

அவன் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான். பிறகு எழுந்து கையை நீட்டினான். அன்றைக்கான மாத்திரைகளை அவள் பிரித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக விழுங்கினான். ஓங்கரித்தான், மறுபடியும் விழுங்கினான்.

"மருந்து இல்லன்னு நாலு நாள் கழிச்சு சொல்லியிருக்கலாம்லா," என்றான். "ரெண்டு நாள் நல்லா இருந்துதுக்கா."