கை படாத பெட்டி

பொறியியலாளர் சும்மா செய்து கொடுக்கிற வேலைக்குத்தான் மேலதிகாரிகள் அதிகம். லீவு நாளில் பள்ளிக்கூடங்களுக்கு உதவப் போய் அலுத்தவராக நீங்களும் இருந்தால், இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். துறைமுகப் பக்கம் ஒரு கொம்பனியில் வேலை. சனிக்கிழமைகளில் தொண்டர் குழு ஒன்றோடு போய், சின்ன மோட்டார், சென்சர், மின்சுற்று என்பவற்றை வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்க ஆசிரியர்களுக்கு உதவுகிறேன். முதலாவது கதையை நான் கண்ணால் காணவில்லை. கூட வேலை செய்யும் நண்பன் சொன்னது.

கந்தளாயில் ஒரு பயிற்சி

எங்கள் குழுத் தலைவர் கந்தளாயில் ஆசிரியர்களை மண்டபத்தில் இருத்தி, காலை முழுக்கத் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தாராம். பயிற்சிக்குக் கொண்டுபோன கருவிப் பெட்டி மேசையில், சுற்றிவந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்ததாம். சாப்பாட்டுப் பார்சலும் வந்துவிட்டது. ஏதாவது கேட்க இருக்கிறதா என்று தலைவர் கேட்க, பின்வரிசையில் ஓர் ஆசிரியர் எழும்பினாராம்.

"நல்ல வடிவாச் சொன்னீங்கள் சேர். அந்தப் பெட்டிக்குள்ள என்ன கிடக்கு?"

கையளிப்பு

இனி எல்லாம் நான் கண்டவை. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கையளித்தோம். மங்கள விளக்கு, பொன்னாடை, வரவேற்பு நடனம், படம் எடுப்பு. அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் கவிதா மிஸ், அடுத்த பாடத்துக்கே பெட்டியைத் திறக்கக் காத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்ய முதல், ஒருதரமாவது தங்கள் கையால் எதையாவது இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதிபரோ பெட்டியைத் தன் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மிஸ் திறப்பைக் கேட்டார்.

"பிள்ளையள் உடைச்சால் விளக்கம் குடுக்கிறது நான், மிஸ். வலயக் கல்விக் கந்தோரில இருந்து பெரியாக்கள் வரேக்க திறப்பம்."

தண்ணீர்த் தாங்கி மணி

மிஸ் காத்திருக்கவில்லை. எங்கள் வேலைத்தளத்தில் கழித்த வயர், சுவிட்ச் ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கித்தான் கொண்டுபோனேன்; அப்படிச் செய்யாவிட்டால் எனக்கு நித்திரை வராது. பிள்ளைகள் அதில் ஒரு மணி செய்தார்கள், பாடசாலைத் தாங்கி நிரம்பியதும் அடிக்கிற மாதிரி. முதல் தரம் அடித்தபோது வகுப்பு முழுக்கத் தாங்கியடிக்கு ஓடியது. மிஸ் அவர்களைக் கூப்பிடவில்லை, தானும் ஓடினார்.

வயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்தபோது தர்சினி என்ற பிள்ளைக்கு விரலில் சின்னதாகச் சுட்டுவிட்டது. தாய் பற்பசை பூசி, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். ஆனால் கதை அதிபருக்குப் போய், அங்கிருந்து எங்கள் தலைவருக்கும் போனது. மணியைக் கழற்றினார்கள். தாய்க்கு ஒரு முறைப்பாடும் இல்லை என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, நாங்கள் உதவி செய்ய வந்தனாங்கள். பொறுப்பெடுக்க வரேல்லை."

பெரியாட்கள் வந்த நாள்

ஒருவழியாக அலுமாரி திறந்தது. பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு நின்றார்கள். வந்த அதிகாரி நல்ல மனிதர். மோட்டாரைக் காட்டி, இது என்ன செய்யும் மகள் என்று தர்சினியைக் கேட்டார். அவள் மோட்டாரை வெளியே எடுத்து, பற்றரியின் ஒரு முனையில் வயரைக் கொளுவினாள். அதிகாரி பார்க்கக் குனிந்தார். மிஸ்ஸின் முகத்தை நான் பார்த்தேன். மற்ற முனையில் வயர் படுவதற்கு முதல் அதிபர் முந்திவிட்டார்.

"கையை எடுங்கோ பிள்ளை. சேருக்கு வாயால சொன்னால் காணும்."

மாற்றம்

அடுத்த தவணை போனபோது மிஸ் அங்கே இல்லை. அவராகவே மாற்றம் கேட்டுப் போனதாக அதிபர் சொன்னார். எங்கள் தலைவரும் அதையே சொன்னார், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத இடத்துக்குத்தானே போயிருக்கிறார் என்றும் சொன்னார். மனம் கேட்காமல் அன்புவழிபுரத்தில் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். அவர் அதிபரைக் குறைசொல்லவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"தர்சினி பத்தாம் வகுப்புக்கு என்ன பாடம் எடுத்தவள்?"

அதையும் மாற்றத்தையும் பிறகு விசாரித்தேன்: தர்சினி நடனம் எடுத்திருக்கிறாள், மாற்றமே கேட்காத மிஸ் போய்ச் சேர்ந்த பாடசாலையில் விஞ்ஞானப் பாடம் தொடங்கும் ஆறாம் வகுப்பே இல்லை, ஐந்தோடு சரி.