அப்பா மடியில் கட்டிய முத்திரை

மகளின் சாதிச் சான்றிதழுக்காகச் செவிலிமேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, மூன்றாவது முறையாக இந்தக் கோட்டாட்சியர் அலுவலக வரிசையில் நிற்கிறேன். எழுத்தர் யாருடைய மனுவிலோ ரப்பர் முத்திரையைக் குத்தினார். ஊதா மையின் வாசனை எழுந்தது. அது என் அப்பாவின் வாசனை.

எங்கள் பஞ்சாயத்துக்கு முதன்முதலில் தலைவரான இருளர் அவர். பஞ்சாயத்து அலுவலகச் சாவியைத் துணைத்தலைவர் கடைசிவரை தரவில்லை. முத்திரை மட்டுமாவது தன்னிடம் இருக்கட்டும் என்று அப்பா அதை வேட்டி மடியில் கட்டிக்கொண்டே திரிந்தார். வயலில் எலி பிடிக்கப் போகும்போதும் அது இடுப்பில் இருக்கும். வியர்வையில் மை கசிந்து வேட்டியெல்லாம் ஊதாவாகிவிடும்.

"தலைவரு பொண்டாட்டின்னு பேரு. தெனமும் கறையத் தேய்ச்சிக்கினு கெடக்கறேன்" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

"இத்த வுட்டா வெத்துப் பேப்பர்ல குத்திக்குவானுங்கமா" என்பார் அப்பா.

சான்றிதழ் கேட்டு எங்கள் ஜனம் வந்தால், வரப்பிலேயே குந்திக்கொண்டு, இவர் இருளர்தான் என்று எழுதி, முழங்காலில் வைத்து முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இதேபோல எங்கோ வரிசையில் நின்றிருப்பார்கள்.

என் முறை வந்தது. எழுத்தர் மனுவைப் புரட்டினார்.

"நீங்க இருளர்னு என்னா அத்தாட்சி இருக்குதுமா?"

"எங்கப்பா எங்க ஊருக்குத் தலைவரா இருந்தவரு சார்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தலைவர் பொண்ணுன்றீங்க. அப்புறம் எப்படிமா இருளரா இருப்பீங்க?"