ஒரு சாண் தள்ளி உடைந்த இறக்கை

காற்றாலை இறக்கை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை 'விரிசல்காரி' என்பார்கள். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, பிசின் ஏற்றி இறுக்கிய இறக்கை எத்தனை வருடக் காற்றில் எங்கே பிளக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அவள் தலை தெரிந்தாலே பட்டறைக்காரர்கள், "இன்னைக்கு எதை ஒடைக்கப் போறீங்கக்கா?" என்பார்கள். அவளும் சிரிப்பாள்.

புது இறக்கை அவளைச் சிரிக்க விடவில்லை. கணினிக் கணக்கில், அடிப்பக்கத்தில் கனம் குறையும் இடத்தில், அடுக்குகள் உரிந்தன. இருபது வருடம் உழைக்க வேண்டியது ஏழு வருடம்கூடத் தாங்காது. கணக்கை மூன்று விதமாக ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும் அதே இடம்.

இறக்கைகளை அனுப்பலாம் என்று சொல்லும் அறிக்கையை மேலாளர் அவள் பக்கம் தள்ளினார். "ஏம்மா, திரையில தெரியுற படத்த நம்பி நாப்பது இறக்கைய நிறுத்தச் சொல்றியா? பேசாம கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன் சார். ஒண்ணைக் கட்டிவெச்சு ஆட்டிப் பாருங்க. தாங்கிடுச்சுன்னா நானே வேலையை விட்டுப் போறேன்."

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவன், "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியே" என்றான்.

"மாட்டினது நான் இல்ல, அவரு" என்றாள். ஆனாலும் அன்றிரவு கணக்கை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள்.

வருடக்கணக்கான காற்றைச் சில வாரங்களில் காட்டிவிடும் ஆட்டும் இயந்திரத்தில் ஓர் இறக்கையை ஏற்றினார்கள். அவள் சிவப்புச் சாக்கட்டியால் இடத்தைக் குறித்தாள். மேலாளர் தினமும் எட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆறு வருடக் கணக்கு தாண்டிய ஒரு மத்தியானம், கூடமே அதிர இறக்கை பிளந்தது.

மேலாளர் நாடா வைத்து அளந்தார். "நீ குறிச்ச எடத்துல ஒடையலையே. ஒரு சாண் தள்ளியில்ல இருக்கு?"

"ஆமா சார், ஒரு சாண் தப்பு. அறிக்கையில நானே எழுதுறேன். ஒடையவே ஒடையாதுன்னு நீங்க சொன்னது எத்தனை சாண் தப்புன்னு நீங்க எழுதுங்க."

பட்டறைக்காரர்கள் சிரிப்பை மறைக்கக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பது இறக்கைகளில் ஒன்றும் வாசல் தாண்டவில்லை. அந்த வருடப் பதவி உயர்வு அவளுக்கு வரவில்லை. அதற்காக அவள் யார் முன்னும் கைகட்டி நிற்கவும் இல்லை. உடைந்த துண்டை அறுக்கச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஓர் அடுக்கு சுருங்கி மடிந்திருந்தது. அந்த மடிப்பையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். விரிசல், இறக்கை உடைந்த அதே இடத்தில் வந்து நின்றது. படத்தை அச்செடுத்து மேலாளர் மேசை நடுவில் வைத்துவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பினாள்.